பழைய கோப்பில் உள்ளபடி

தமிழ்நாட்டில் ஒரு பெண் அரசோடு பேச வேண்டுமானால் முதலில் ஒரு சாய்கோட்டைக் கடக்க வேண்டும். த/பெ அல்லது க/பெ. தகப்பன் பெயர், இல்லையேல் கணவன் பெயர். வருமானச் சான்று கேட்டாலும், பத்திரம் பதிந்தாலும், காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று வேண்டும். ஆணுக்கு அறுபது வயதானாலும் த/பெதான். திருமணம் அவன் சாய்கோட்டைத் தொடுவதே இல்லை. ம/பெ என்று ஒருவனை மனைவி பெயரால் குறித்து மனு எழுதிக்கொண்டு போய் நில்லுங்கள், அலுவலகமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு யாருடைய கெட்ட குணத்திலிருந்தும் வருவதில்லை. படிவத்திலிருந்து வருகிறது.

அரசு எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றினோம். தொடர்ந்து ஆட்சிச் சொல் அகராதி வந்தது, திருத்தியும் விரித்தும் பல பதிப்புகள் கண்டது. தலைமைச் செயலகத்துக்கும் மாவட்ட அலுவலகங்களுக்கும் அலுவலக நடைமுறை நூல்கள் இருக்கின்றன. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் ஆட்சிமொழிப் பயிலரங்கம் நடத்துகிறது. புதிய கலைச்சொற்களைத் திரட்டச் சொற்குவை இருக்கிறது. ஆங்கிலக் குறிப்பாணைகளுக்கு நடுவே தமிழிலும் ஒரு கோப்பை நகர்த்த முடியும் என்று எழுதிக் காட்டிய முதல் தலைமுறை ஊழியர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்கள் போட்ட பாதையில்தான் என் போன்றவர்கள் தமிழ் படித்துச் சம்பளம் வாங்குகிறோம்.

ஆனால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வந்திருக்கிறது. இந்தச் சொல் தமிழா? வடசொல்லா, ஆங்கிலமா, கிரந்த எழுத்து வருகிறதா, ஒற்று மிகுந்திருக்கிறதா? இந்தச் சொல் யாரைக் குறிக்கிறது, குறிக்கப்பட்டவள் அதைக் கேட்டு என்ன ஆகிறாள் என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லை. அகராதி மேசையில் இருக்கலாம். எழுத்தரின் கையில் இருப்பதோ முந்தைய கோப்பு. அதில் ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மூன்றாமவர் என்று எழுதி, கடைசியில் கணினிக்கு மாறியபோது அதே வாசகத்தை மென்பொருளிலும் ஏற்றி வைத்துவிட்டோம். இப்போது இ-சேவை மையத்தில் சொடுக்கினால் விழும் பட்டியலில் நம் பாட்டிகளின் காலத்துச் சொற்கள் வந்து நிற்கின்றன. முன்பாவது எழுத்தர் மனமிரங்கி ஒரு வார்த்தையை மாற்றி எழுதிவிட முடியும். பட்டியலில் இல்லாததை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆதரவற்ற விதவைச் சான்று, ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் என்ற பெயர்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022இல் இதே அரசு ஒரு நல வாரியம் அமைத்தபோது அதற்கு வைத்த பெயரில் விதவை இல்லை, கைம்பெண் இருந்தது. ஒரே பெண் ஒரு சன்னலில் விதவை, அடுத்த சன்னலில் கைம்பெண். எது சரியான சொல், எந்த நாளிலிருந்து, பழைய சொல்லில் அச்சடித்த படிவங்களை என்ன செய்வது என்று எல்லா மேசைகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லும் இடம் ஒன்று வேண்டாமா?

கைம்பெண் என்ற மாற்றத்துக்கு மேடைகளில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு விளக்கமும் உண்டு. விதவை என்று எழுதிப் பாருங்கள், எங்கும் புள்ளி இல்லை. கைம்பெண் என்று எழுதுங்கள், இரண்டு புள்ளிகள், இரண்டு பொட்டுகள். கைதட்டு விழும். எனக்குக் கை எழுவதில்லை. கணவன் போனபின் பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதே அவளுடைய கௌரவத்தை அளக்கும் கோல் என்று அந்தச் சிலேடை ஒப்புக்கொள்கிறது. அளவுகோலை மாற்றவில்லை, அளவை மட்டும் கூட்டிக் கொடுக்கிறது. மேலும் கைம்மை என்பது நல்ல பழந்தமிழ்ச் சொல் என்பதால் அதில் வலி இல்லை என்று நினைப்பவர்கள் புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு பாட்டை ஒருமுறை படிக்க வேண்டும். கைம்மை நோன்பில் என்ன தின்று எதில் படுக்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்து, அதைவிடத் தீயே மேல் என்று முடிவு செய்கிற பெண் அவள். ஒரு சொல் தூய தமிழாக இருப்பதால் மட்டும் அது பெண்ணுக்கு நட்பாகிவிடாது. பல நேரம் அது பழைய கொடுமையின் நேரடி வாரிசு.

இதைவிட ஆழமான சிக்கல் திட்டங்களை வகைப்படுத்தும் விதத்தில் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியங்களின் பட்டியலைப் பாருங்கள். ஆதரவற்ற விதவைக்கு ஒன்று. கணவனால் கைவிடப்பட்டவருக்கு ஒன்று. ஐம்பது வயதாகியும் திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கு ஒன்று. கணவன் இறந்தவள், கணவன் விட்டுப்போனவள், கணவன் வராமலே போனவள். இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் எல்லாவற்றிலும் எழுவாய் அவன்தான். அவள் வயிற்றுப் பசிக்கு அரசிடம் இருப்பது மூன்று கதவுகள், மூன்றிலும் அவன் பெயர்ப்பலகை. ஏழை ஆணுக்கு முதுமை என்று ஒரு தகுதி இருக்கிறது, ஊனம் என்று ஒன்று இருக்கிறது. மனைவியால் கைவிடப்பட்டவன் என்ற தகுதியில் யாரும் அவனை வரிசையில் நிறுத்துவதில்லை.

கைவிடப்பட்டவர் என்பது செயப்பாட்டுவினை. இலக்கண வகுப்பில் நான் இதை உதாரணமாகவே சொல்லுவதுண்டு. ஒரு மாணவியின் அம்மா அடிதாங்காமல் இரண்டு பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறியவர். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், ‘உன்னை அவர் விட்டாரா, நீ விட்டியா?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒளிக்காமல், நான்தான் வந்துட்டேன் என்றார். அப்போ இதுல வராதும்மா என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் யாரோ சொல்லிக் கொடுத்தபடி, அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று எழுதி விரல் உருட்டியிருக்கிறார். தன் வாழ்க்கையில் தானாக எடுத்த ஒரே பெரிய முடிவை, அரசு முத்திரை விழ வேண்டும் என்பதற்காக அவருக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் அந்த அம்மா. ‘கணவரைப் பிரிந்து வாழ்பவர்’ என்று மூன்று சொல் போதும் இதைச் சரிசெய்ய. மூன்று சொல்லுக்குப் பட்ஜெட் தேவையில்லை, நிதித்துறை ஒப்புதலும் தேவையில்லை. யார் கையெழுத்திட்டால் அது மாறும் என்பதுதான் அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் இருப்பது வசதியான ஒன்று. மொழியில் அரசு எதை அவசரம் என்று கருதுகிறதோ அதை எப்படியும் மாற்றிவிடுகிறது. 2021 டிசம்பரில் பெயரின் தலைப்பெழுத்தையும் தமிழில்தான் எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. நல்லது. என் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தை நான் எப்போதும் தமிழில்தான் எழுதி வருகிறேன். ஆனால் அந்த எழுத்து எந்த லிபியில் இருக்கிறது என்று கவலைப்பட்டவர்கள், அது யாருடைய எழுத்து என்று கேட்டிருக்கலாம். தாயும் இயற்கைப் பாதுகாவலரே என்பதை கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1999இல். திருமணமாகாத தாய், தந்தை பெயரை வெளியிடாமலே தன் குழந்தைக்குப் பாதுகாவலராகலாம் என்று 2015இல் தீர்ப்பு வந்தது. தீர்ப்புகள் வந்துவிட்டன. கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தில் ‘தந்தை/பாதுகாவலர்’ என்ற வரிதான் இன்னும் போகவில்லை. அந்த வரியில் தாயின் பெயரை எழுதிவிட்டு, சேர்க்கைக் குழுவின் முன்னால் குற்றவாளி மாதிரி நிற்கும் பெண்பிள்ளைகளை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கிறேன்.

மாற்றவே முடியாது என்பதும் பொய். மாறியதைப் பார்த்திருக்கிறோம். அரவாணி என்றிருந்தது திருநங்கை ஆனது. 2008இல் நல வாரியம் வந்தது. 2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசு பால், பாலினம் சார்ந்த சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. திருநர், திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் ஆகிய சொற்கள் அரசின் ஏட்டுக்குள் வந்தன. கனிவில் விளைந்ததல்ல அது. இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு. அந்தச் சொற்களில் பலவற்றை உருவாக்கியவர்கள் அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள். தமிழ்த்துறைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்காதீர்கள். இத்தனைக்கும் பேடி என்ற பெயருக்கு எந்தப் பாலின் வினைமுற்றைக் கொடுப்பது என்று தொல்காப்பியக் கிளவியாக்கமே யோசித்திருக்கிறது. பழைய வழக்கு கழிவதும் புதியது வந்து சேர்வதும் குற்றமல்ல என்று சொல்லித்தான் நன்னூல் தன் சொல்லதிகாரத்தை முடிக்கிறது. இலக்கணத்துக்கு இருக்கும் பெருந்தன்மை அதை நடத்துகிறவர்களிடம் இல்லை.

ஆனால் இந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. வழக்கு போட்டால் மாறும், அல்லது முதலமைச்சர் அறிவித்தால் மாறும். 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தலித் குடியிருப்பைச் சுட்டும் இழிசொல்லாக அது புழங்கிவந்ததை அரசே ஒப்புக்கொண்ட நாள் அது, சிறிய விஷயமில்லை. அறிவித்த மறுநாள் காலையில்தான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. குடும்ப அட்டையில், வாக்காளர் பட்டியலில், பள்ளி மாற்றுச் சான்றிதழில், பேருந்துப் பலகையில் அந்தச் சொல்லைத் தேடித் திருத்த ஓர் ஆள், ஒரு பதிவேடு, ஒரு கெடு வேண்டும். சொல்லைப் பரிசாகக் கொடுக்கும் அரசுகள் நமக்கு வாய்த்திருக்கின்றன. சொல்லைப் பராமரிக்கும் அரசு வாய்க்கவில்லை. பாலத்தைத் திறப்பதற்கு ரிப்பன் உண்டு, அதன் விரிசலை அடைப்பதற்கு இல்லை என்பதைப் போல.

‘சொல்லை மாற்றினால் வாழ்க்கை மாறிவிடுமா?’ இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் தங்கள் பதவிப் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்ததில் ஓர் அரசியல் இருக்கிறது, அதை நான் வரவேற்கிறேன். அதைவிட முக்கியம், குடும்பத் தலைவி யார் என்பதற்கு விதிகளில் எழுதப்பட்ட விளக்கம். குடும்ப அட்டையில் ஆண் தலைவராக இருந்தால் அவர் மனைவி தலைவி. அதோடு நின்றிருந்தால் பழைய கதை. திருமணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் குடும்பங்களில் அவர்களும் குடும்பத் தலைவிகளே என்று சேர்த்தார்கள். அந்த ஒரு வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் எத்தனை வீட்டு வாசலில் நின்று திரும்பியிருக்கும்? அரசின் வாக்கியத்தில் பெண் எங்கே நிற்கிறாள் என்பது அவள் அடுப்பில் உலை கொதிப்பதைத் தீர்மானிக்கிறது.

குற்றவியல் மொழிக்கு வருவோம். கற்பழிப்பு என்ற சொல்லைத் தமிழ் நாளேடுகள் பெரும்பாலும் கைவிட்டு, பாலியல் வன்கொடுமை, வல்லுறவு என்று எழுதத் தொடங்கியதற்குப் பெண்ணியக்கங்களும் பெண் பத்திரிகையாளர்களும் கொடுத்த விடாப்பிடியான தொல்லையே காரணம். எந்த அரசு நடைக்கையேடும் அதற்கு முன்னோடியாக இல்லை. கற்பு என்று ஒன்று இருக்கிறது, அது பெண்ணிடம் மட்டும் இருக்கிறது, அதை இன்னொருவன் அழித்துவிட முடியும் என்று மூன்று பொய்களை ஒரே சொல்லில் அடைத்து வைத்திருந்தோம். பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலைக் கற்பு என்ற அத்தியாயத்தோடுதான் தொடங்குகிறார். அந்த நூலுக்கு விழா எடுக்கும் மாநிலத்தில் காவல்துறைக் குறிப்புகளிலும் பழைய மொழிபெயர்ப்புகளிலும் அந்தச் சொல் இன்னும் தலைகாட்டுகிறது. ஒன்றிய அரசு இன்னொரு வேடிக்கை செய்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் காலனியக் காலத்தது என்று சொல்லி அதை முழுதாக எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எண்களெல்லாம் மாறின. ஆனால் பெண்ணைத் தாக்குவதை அவளுடைய ‘அடக்கத்துக்கு’ இழைத்த குற்றமாக எழுதிய அந்த விக்டோரியா காலத்து வாசகம் 74ஆம் பிரிவில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. காலனியத்தை விரட்டியவர்கள் அதன் அடக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட்டில் பாலின முன்முடிவுகளை எதிர்கொள்ள ஒரு கையேடு வெளியிட்டது. கற்புள்ள பெண் என்று எழுதாதே, பெண் என்று எழுது. மணமாகாத தாய் என்று எழுதாதே, தாய் என்று எழுது. இப்படிப் பல பதிலீடுகள். பாராட்டினோம். சில மாதங்களில் அதில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டி வந்தது. வேசி என்பதற்குப் பதிலாகப் பாலியல் தொழிலாளி என்று கையேடு பரிந்துரைத்திருந்தது. கடத்தலுக்கு எதிராக வேலை செய்யும் அமைப்புகள், கடத்தி வரப்பட்ட பெண்ணைத் தொழிலாளி என்பது அவள் விரும்பி வந்ததாகச் சொல்வது ஆகும் என்று எழுதின. நீதிமன்றம் மாற்றியது. ஆனால் தொழிலாளி என்ற சொல்லுக்காகப் பல ஆண்டுகள் போராடிய பெண்களின் சங்கங்களும் இந்நாட்டில் இருக்கின்றன. அவர்கள் அந்தத் திருத்தத்தை எப்படிப் படித்திருப்பார்கள்? எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. யார் தன்னை எந்தப் பெயரால் அழைக்கிறாளோ அந்தப் பெயர்தான் முதலில் வர வேண்டும். அதை வலியுறுத்துவதற்குக்கூட, திருத்தம் யார் கேட்டதால் நடந்தது, யாரைக் கேட்காமல் நடந்தது என்று வெளியே தெரிந்திருக்க வேண்டும். அங்கே அது ஓரளவாவது தெரிந்தது. நம் வட்டாட்சியர் அலுவலகப் படிவத்தில் தெரிவதில்லை.

ஆஸ்திரேலிய அரசுக்கு ஒரு நடைக்கையேடு உண்டு. முதற்பதிப்பு 1966. ஆறாம் பதிப்பு 2002இல் அச்சானது. பிறகு பதினெட்டு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. பணக்கார நாடுகளிலும் கோப்பு தூங்கும் என்பதற்குச் சொல்கிறேன். 2020இல் அதை இணையத்துக்குக் கொண்டுவந்தபோது பதிப்பு என்ற எண்ணத்தையே மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் அது எப்போது திருத்தப்பட்டது என்ற தேதி இருக்கிறது. இதில் ராக்கெட் அறிவியல் எதுவும் இல்லை. ஒரு தேதி. அவ்வளவுதான். நம்மூர் அரிசி மூட்டையில்கூட அது அச்சிடப்பட்டிருக்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியது இன்னொரு அழகான சொல்லை அல்ல. அரசுத் தமிழுக்கு ஒரு நடைக்கையேடு வேண்டும், அது எல்லோர் கண்ணுக்கும் படும்படி இருக்க வேண்டும். ஒரு சொல் நீக்கப்பட்டால் என்று நீக்கப்பட்டது, ஏன், யார் கேட்டு என்பது அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திருத்தும் குழுவில் தமிழாசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மட்டும் உட்கார்ந்தால் மறுபடியும் ஒற்றுப்பிழைதான் பார்ப்பார்கள், என் இனத்தை எனக்குத் தெரியாதா? தனித்து வாழும் பெண்களின் அமைப்புகள், தூய்மைப் பணியாளர் சங்கம், திருநர் சமூகம், மாற்றுத்திறனாளிப் பெண்கள் எல்லாரும் அங்கே வேண்டும், வருகைப்படியோடு. சொல் மாறிய நாளிலிருந்து இத்தனை மாதத்துக்குள் பழைய படிவம் செல்லாது என்று ஆணையில் எழுத வேண்டும்; அச்சிட்டது தீரும்வரை பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற சலுகை கூடாது. அச்சிட்டது ஒருபோதும் தீராது. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு படிவத்தில் திருமண நிலை என்ற கட்டம் எதற்கு என்று கேட்க ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும். மின் இணைப்புக்கு எதற்கு? நூலக உறுப்பினர் அட்டைக்கு எதற்கு? காரணம் சொல்ல முடியாத கட்டத்துக்கு நல்ல சொல் தேட வேண்டாம், கட்டத்தையே எடுத்துவிடலாம்.

இது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். மாணவிகளே, உங்கள் ஊரில் பெண்கள் நிரப்பும் ஒரு படிவத்தை எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தப் படிவத்தின் வாசகம் எந்த அரசாணையால், எந்தத் தேதியில் ஏற்கப்பட்டது? கடைசியாக எப்போது திருத்தப்பட்டது? திருத்தும் அதிகாரம் எந்தப் பதவியில் உள்ளவருக்கு? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். பதிலில் ‘பழைய கோப்பில் உள்ளபடி’ என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், நீதிமன்றம் போகும்போது உதவும். அந்த மனுவை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். அச்சட்டத்தின் 6(2) பிரிவின்படி, தொடர்புகொள்ளத் தேவையான விவரத்தைத் தவிர உங்களைப் பற்றி வேறெதையும் அவர்கள் கேட்க முடியாது. பெயரும் முகவரியும் போதும். த/பெ, க/பெ எழுத வேண்டியதில்லை.